நெறியாளர் இல்லாமல் போன மாணவி

1970களின் கடைசியில் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவிக்கு, குவாண்டம் வேதியியலில் முனைவர் பட்டம் செய்ய ஆசை. அந்தப் பாடத்துக்கு அங்கே இருந்த பேராசிரியர் இறந்துவிட்டார். அவர் இடத்துக்கு வேறு யாரையும் போடவில்லை. வெளியே எங்காவது பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். நம் ஊரில் எத்தனையோ பேருடைய ஆராய்ச்சி ஆசை இந்த இடத்தில்தான் முடிந்துபோகிறது. நெறியாளர் ஓய்வுபெற்றிருப்பார், அல்லது வேறு ஊருக்கு மாறியிருப்பார். அதோடு மாணவியின் கதையும் சரி.

இந்த மாணவிக்கு அப்படி ஆகவில்லை. அவருடைய காதலர் அதே பல்கலைக்கழகத்தில் வானியல் படித்துக்கொண்டிருந்தார். விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் மூலக்கூறுகளைப் பற்றி வகுப்பில் அப்போதுதான் கேட்டிருந்தவர், வேதியியல் தெரிந்த ஆளுக்கு அங்கே வேலை இருக்கிறதே என்று எடுத்துச் சொன்னார். மாணவி லைடன் வானியல் துறைக் கதவைத் தட்டினார். அங்கிருந்த ஹார்ம் ஹாபிங் அவரை அமெரிக்காவின் ஹார்வர்டில் இருந்த அலெக்ஸாண்டர் டால்கார்னோவிடம் அனுப்பிவைத்தார். 1984ல் லைடனில் முனைவர் பட்டம். 2018ல் வானியற்பியலுக்கான கவ்லி பரிசு, யாரோடும் பகிராமல், பத்து லட்சம் டாலர். அதே ஆண்டில் உலக வானியலர்களின் தாய் அமைப்பான சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவர் பதவி. அவர் பெயர் ஏவினா ஃபான் டிஸ்ஹூக்.

சாதனைப் பெண்களைப் பற்றி எழுதுவதற்கு நம் பத்திரிகைகளில் ஒரு அச்சு வைத்திருக்கிறோம். தடை வந்தது, மனம் தளரவில்லை, வென்றார். ஃபான் டிஸ்ஹூக்கின் வாழ்க்கையையும் அந்த அச்சில் ஊற்றிவிடலாம். ஊற்றினால் முக்கியமானது வழிந்துபோய்விடும். அவரிடம் திறமையும் உழைப்பும் ஏராளம். அதை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் அவருக்கு முன்னால் இதே துறையில் கைவைத்த பெண்களிடமும் அவை இருந்தன. அவர்களுக்குக் கிடைக்காத சில ஏற்பாடுகள் இவருக்குக் கிடைத்தன. அந்த ஏற்பாடுகளைப் பேசாமல் ஆளை மட்டும் புகழ்வது அரைக் கதை.

லைடனில் 1955ல் பிறந்தவர். அப்பா காது, மூக்கு, தொண்டை மருத்துவர். அம்மா தொடக்கப் பள்ளி ஆசிரியை. 1969ல் குடும்பம் சில மாதங்கள் அமெரிக்காவின் சான் டியேகோவில் தங்கியிருந்தபோது அங்கே அரசுப் பள்ளியில் படித்தார். அந்தப் பள்ளியின் அறிவியல் ஆசிரியை ஒரு கறுப்பினப் பெண். அறிவியலில் தனக்கு ருசி ஏற்படுத்தியவர் அவர்தான் என்று ஃபான் டிஸ்ஹூக் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த நாட்களில் அறிவியல் வகுப்பின் கரும்பலகை முன் ஒரு பெண் நிற்பதே அபூர்வம், அதிலும் கறுப்பினப் பெண் நிற்பது இன்னும் அபூர்வம்.

இனி அவர் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம். இரண்டு விண்மீன்களுக்கு நடுவே ஒன்றுமே இல்லை என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அங்கே வாயு இருக்கிறது, எடையில் அதில் நூறில் ஒரு பங்கு அளவுக்குத் தூசியும் இருக்கிறது. எவ்வளவு மெல்லிசு என்றால், நாம் மூச்சுவிடும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் சுமார் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. விண்மீன்கள் பிறக்கும் இருண்ட மேகத்திலோ அதே இடத்தில் பல்லாயிரம் இருந்தாலே அது அடர்த்தியான மேகம். வெப்பநிலை கழித்தல் 263 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். ஆனால் இந்த மேகங்கள் பல ஒளியாண்டு அகலம் கொண்டவை என்பதால், மொத்தமாகக் கூட்டினால் பல சூரியன்களைச் செய்யும் அளவுக்குச் சரக்கு தேறும்.

இந்த வெளியில் மூலக்கூறுகள் இருக்க முடியுமா என்பதே நெடுநாள் சந்தேகம். விண்மீன்களின் புற ஊதா ஒளி எதையும் உடைத்துவிடும் என்பது பொதுவான எண்ணம். 1937க்கும் 1941க்கும் இடையே ஈரணு மூலக்கூறுகள் மூன்று மட்டும் கண்டுபிடிக்கப்பட்டன. பிறகு ரேடியோ தொலைநோக்கிகள் வந்தன. 1963ல் ஹைட்ராக்ஸில், 1968ல் அமோனியா, 1969ல் நீரும் ஃபார்மால்டிஹைடும், 1970ல் கார்பன் மோனாக்சைடு என்று பட்டியல் நீண்டது. இன்று அது முந்நூறைத் தாண்டிவிட்டது. ஃபான் டிஸ்ஹூக் ஹார்வர்டுக்குப் போன நேரத்தில், பார்த்த மூலக்கூறுகளின் பட்டியல் கையில் இருந்தது. அவை எப்படி உருவாகின்றன, எப்படிப் பிழைத்திருக்கின்றன, எப்படி உடைகின்றன என்ற கணக்கு சரியாக இல்லை. அந்தக் கணக்குக்கு வானியல் மட்டும் தெரிந்தால் போதாது. ஒளி பட்டால் ஒரு மூலக்கூறு எந்த அலைநீளத்தில், எந்த வேகத்தில் உடையும் என்பது குவாண்டம் வேதியியல். அதாவது, லைடனில் ஆளில்லாமல் போன அதே பாடம்.

அவருடைய முனைவர் பட்ட ஆய்வே இந்த உடைதலைப் பற்றியதுதான். பிறகு ஜான் பிளாக் என்ற வானியலரோடு சேர்ந்து 1986ல் மெல்லிய மேகங்களின் வேதியியலுக்கு ஒரு முழு மாதிரி போட்டார். 1988ல் இருவரும் கார்பன் மோனாக்சைடை எடுத்துக்கொண்டார்கள். இந்தக் கட்டுரையைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். அவருடைய வேலையின் ருசி அதில்தான் இருக்கிறது.

மேகத்தில் பெரும்பகுதி ஹைட்ரஜன் மூலக்கூறு. அது உருவாவதற்கே தூசி வேண்டும். தனியாக அலையும் ஒரு ஹைட்ரஜன் அணு, வழிப்போக்கன் திண்ணையில் ஒதுங்குவதுபோல ஒரு தூசித் துகளில் வந்து ஒட்டும். இன்னொன்றும் வந்து சேரும். இரண்டும் கைகோத்துக் கிளம்பிவிடும். கிளம்பும்போது வெளிப்படும் ஆற்றலில் ஒரு பங்கைத் தூசி வாங்கிக்கொள்ளும். இவ்வளவு ஏராளமாக இருந்தும் குளிர்ந்த ஹைட்ரஜன் மூலக்கூறு ரேடியோவில் வாய் திறக்காது. அதனால் வானியலர்கள் அதோடு கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடின் சமிக்ஞையை அளந்து, மேகத்தின் மொத்த எடையை ஊகிப்பார்கள். அப்படியானால், புற ஊதா ஒளிக்கு முன்னால் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பது தெரியாவிட்டால் எடையே தப்பு.

பிளாக்கும் ஃபான் டிஸ்ஹூக்கும் காட்டியது இது: கார்பன் மோனாக்சைடு எல்லா அலைநீளத்திலும் உடைவதில்லை, குறிப்பிட்ட சில மெல்லிய அலைநீளங்களில் மட்டும் உடைகிறது. மேகத்தின் விளிம்பில் இருக்கும் மூலக்கூறுகள் அந்த அலைநீளங்களை உறிஞ்சிக்கொண்டு உடைந்துபோகின்றன. உள்ளே இருப்பவற்றுக்கு அந்த ஒளி வந்து சேர்வதே இல்லை. ஆக, அந்த வாயு தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. ஆனால் கனமான ஆக்சிஜன் ஐசோடோப்பு உள்ள கார்பன் மோனாக்சைடு எண்ணிக்கையில் குறைவு. அதற்கு இந்தப் பாதுகாப்பு போதாது, அது அதிகம் உடையும். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, பூமியில் விழுந்த விண்கற்களில் ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் விகிதம் ஏன் ஒழுங்கில்லாமல் இருக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்த புவி வேதியியலர்கள் இந்த விளக்கத்தைத்தான் கையில் எடுத்தார்கள். தொலைதூர மேகத்துக்குப் போட்ட கணக்கு, நம் சூரியக் குடும்பத்துக் கல்லுக்கு உதவியது.

பரிசுக் குறிப்புகளில் இது ஒரு வரியில் முடிந்துவிடும். தொலைநோக்கிப் படங்களைப் போல இதைப் பத்திரிகையில் போட்டு வாசகரை அசத்த முடியாது. ஆனால் அவர் செய்தவற்றில் நெடுநாள் நிற்கப்போவது இதுதான் என்பது இந்தக் கட்டுரையாளரின் கணிப்பு. மூலக்கூறுகள் ஒளியில் உடையும் வேகங்களை அவரும் அவர் குழுவும் தொகுத்து லைடனிலிருந்து எல்லாருக்கும் திறந்துவைத்திருக்கிறார்கள். இந்தத் துறையில் மாதிரி போடும் எவரும் அதைத் தொடாமல் போவது கடினம்.

இந்த இடத்தில் வேலைப் பேச்சை நிறுத்தி, வேலை வாய்ப்புப் பேச்சுக்கு வர வேண்டும்.

1984ல் பட்டம் வாங்கியவர் ஹார்வர்டில் ஆய்வாளரானார். அதே காலத்தில், கணவராகிவிட்ட அந்தக் காதலர் பிரின்ஸ்டனில். இரண்டு ஊர், இரண்டு குறுகிய காலப் பதவி. ஆராய்ச்சித் தம்பதிகளுக்கு இது பழகிப்போன பிழைப்பு. பெரும்பாலும் யாராவது ஒருவர் விட்டுக்கொடுப்பதில் முடியும், விட்டுக்கொடுப்பவர் யார் என்பதை வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1988ல் இருவரும் கால்டெக் போனார்கள். அங்கே ஃபான் டிஸ்ஹூக்குக்குக் கிடைத்தது புவியியல், கோள் அறிவியல் பிரிவில் விண்வேதியியல் உதவிப் பேராசிரியர் பணி. 1990ல் இருவரும் லைடனுக்குத் திரும்பினார்கள், இருவருக்கும் அங்கேயே பணி. 1995ல் அவர் பேராசிரியர். கணவர் 2007 முதல் பத்தாண்டுகள் ஐரோப்பிய தெற்கு ஆய்வகத்தின் தலைமை இயக்குநராக ஜெர்மனியின் கார்ஷிங்குக்குப் போனபோது, அதே ஊரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் இவரை வெளி அறிவியல் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. லைடன் வேலையும் நின்றுவிடவில்லை.

பார்ப்பதற்குச் சாதாரண விவரங்கள். ஆனால் வேதியியல் பட்டதாரியை வானியல் துறை வாங்கிக்கொண்டது, பிறகு புவியியல் பிரிவு வாங்கிக்கொண்டது, பிறகு மனைவிக்கும் கணவனுக்கும் ஒரே ஊரில் பணி கிடைத்தது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டிருந்தாலும் இந்தக் கட்டுரைக்குத் தலைப்பு இல்லை.

விட்டுப்போன கண்ணிகளுக்கு உதாரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். விண்மீனிடைப் பொருளின் வரலாறே போதும். ஸ்காட்லாந்தின் டண்டீயில் 1857ல் பிறந்த வில்லியமினா ஃபிளெமிங், அமெரிக்கா போய், கர்ப்பிணியாக இருக்கும்போதே கணவனால் கைவிடப்பட்டு, ஹார்வர்டு வான் ஆய்வக இயக்குநர் எட்வர்ட் பிக்கரிங்கின் வீட்டில் பணிப்பெண்ணாகச் சேர்ந்தவர். பிறகு ஆய்வகத்திலேயே வேலை கிடைத்து, கண்ணாடித் தகட்டுப் படங்களைப் படிப்பதில் நிகரற்றவரானார். ஓரியன் விண்மீன் கூட்டத்தில் குதிரைத் தலை வடிவில் தெரியும் இருண்ட தூசி மேகத்தை 1888ஆம் ஆண்டுத் தகடு ஒன்றில் கண்டவர் அவர். அடுத்து வந்த வான்பொருள் அட்டவணையில் அவர் பெயர் விடுபட்டு, ஹார்வர்டு கண்டுபிடிப்புகள் பிக்கரிங் பெயரில் ஏறின. 1900ல் எழுதிய நாட்குறிப்பில் சம்பளத்தைப் பற்றிய மனக்குறையையும் பதிந்துவைத்திருக்கிறார்: ஆண் உதவியாளர்களுக்கு ஆண்டுக்கு 2,500 டாலர், அவருக்கு 1,500.

அடுத்தவர் மேரி லீ ஹெகர். கலிஃபோர்னியாவின் லிக் ஆய்வகத்தில் 1919ல் ஆராய்ச்சி மாணவி. ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களின் நிறமாலையில் எல்லா வரிகளும் முன்னும் பின்னும் ஆடும். ஆடாமல் நிற்கும் வரி விண்மீனுடையது அல்ல, நடுவில் இருக்கும் வாயுவுடையது. கால்சியத்தின் அப்படியொரு வரியை ஜெர்மனியின் ஹார்ட்மன் 1904ல் கண்டிருந்தார். ஹெகர் சோடியம் வரிகளைப் படித்துக்கொண்டிருந்தபோது, 5780, 5797 ஆங்ஸ்ட்ராம் அலைநீளங்களில் அகலமான இரண்டு பட்டைகள் இருப்பதைக் கவனித்தார். 1922ல் வெளியிட்டார். எந்தத் தனிமத்தின் வரியோடும் அவை பொருந்தவில்லை. இன்று அந்த வகைப் பட்டைகள் ஐந்நூறுக்கு மேல் தெரியும். அவற்றில் 9577, 9632 ஆங்ஸ்ட்ராம் பட்டைகளை பெர்னார்ட் ஃபுவாங்கும் ஆஸ்திரியாவின் பாஸ்கால் எரென்ஃப்ரொய்ண்ட் என்ற பெண் ஆய்வாளரும் 1994ல் கண்டு, அறுபது கார்பன் அணுக்கள் பந்தாகக் கோத்த மூலக்கூறின் அயனியாக இருக்கலாம் என்றார்கள். 2015ல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகக் குழு அதை ஆய்வுக்கூடத்தில் உறுதிப்படுத்தியது. ஹெகர் முதலில் கண்ட இரண்டுக்கும் உரிய மூலக்கூறு இன்னும் பிடிபடவில்லை.

நூறு ஆண்டுகளாக நிறமாலையியலின் மிகப் பழைய புதிராக நிற்கும் ஒன்றைத் தொடங்கிவைத்தவரின் ஆராய்ச்சி வாழ்க்கை சில ஆண்டுகளே. 1920ல் சக மாணவரான டொனால்ட் ஷேனை மணந்தார், 1924ல் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு குடும்பம். ஷேன் பேராசிரியராகி, 1945ல் லிக் ஆய்வகத்தின் இயக்குநரானார். மேரி ஷேன் அதே மலைமேல் இயக்குநரின் மனைவியாக வாழ்ந்தார். முதிய வயதில் ஆய்வகத்தின் பழைய கடிதங்களையும் ஆவணங்களையும் சேகரித்து ஒழுங்குபடுத்தி ஓர் ஆவணக் காப்பகத்தை உருவாக்கினார். அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். நல்ல மரியாதைதான். ஆனால் அந்தப் பட்டைகளைத் துரத்த ஒரு பணியிடம் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாமவர் பெவர்லி லிண்ட்ஸ். பாலோமர் மலைத் தொலைநோக்கி எடுத்த வானப் படத் தகடுகளைக் கண்ணாலேயே அலசி, வடவானின் இருண்ட மேகங்களை அட்டவணை போட்டார். 1962ல் வெளிவந்த அதில் 1,802 மேகங்கள். அட்டவணை போடுவது புகழ் தரும் வேலை இல்லை. பரிசுக் குழுக்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதும் அரிது. ஆனால் அறுபது ஆண்டுகளாக வானியலர்கள் ஒரு மேகத்தை எல் 1544, எல் 1527 என்று எண் சொல்லி அழைக்கும்போது அந்த எல் என்பது லிண்ட்ஸ்.

இந்த எல் 1544க்கு ஃபான் டிஸ்ஹூக்கின் கதையில் ஓர் இடம் உண்டு. அதற்கு நீரின் கதை தெரிய வேண்டும்.

பூமியின் கடல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை ஃபான் டிஸ்ஹூக் விண்மீன் பிறப்பதற்கு முந்தைய கட்டத்திலிருந்து கேட்டார். தூசித் துகளின்மேல் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் நீர் உண்டாகும், அந்தக் குளிரில் அது பனியாகவே உறைந்திருக்கும். விண்மீன் உருவாகிச் சுற்றுப்புறம் சூடேறும்போது ஆவியாகும். சொல்வது சுலபம். பார்ப்பதுதான் சிக்கல், ஏனென்றால் நம் காற்றிலேயே இருக்கும் நீராவி, வானத்து நீராவியின் சமிக்ஞையை மறைத்துவிடும். விண்வெளிக்குப் போனால்தான் உண்டு. அப்படியொரு தொலைநோக்கியை ஐரோப்பிய விண்வெளி அமைப்பிடம் முன்மொழிந்த ஆண்டு 1982. ஹெர்ஷெல் என்ற பெயரில் அது விண்ணுக்குப் போனது 2009 மே மாதத்தில். இருபத்தேழு ஆண்டுகள். அதில் இருந்த ஹைஃபி என்ற நிறமாலைமானி நெதர்லாந்து தலைமையில் கட்டப்பட்டது. ஏவிய சில மாதங்களிலேயே அது செயலிழந்து, மறு ஜனவரியில் மாற்றுச் சுற்று மூலம் உயிர் பெற்றது. காத்திருந்த கூட்டம் அந்த ஐந்து மாதம் எப்படித் தூங்கியிருக்கும் என்று தெரியவில்லை.

அந்தக் கருவியைக் கொண்டு ஃபான் டிஸ்ஹூக் தலைமையில் நடந்த திட்டத்துக்கு விஷ் என்று பெயர். சுமார் 80 இளம் விண்மீன்களிலும் மேகங்களிலும் நீரைத் தேட 425 மணி நேரம் ஒதுக்கப்பட்டது. லிண்ட்ஸின் அட்டவணையில் உள்ள எல் 1544, இன்னும் விண்மீனே பிறக்காத ஒரு கருமேகம். அதில் நீராவி இருப்பதை இத்தாலிய வானியலர் பாவோலா கசெல்லி தலைமையிலான குழு இந்தத் திட்டத்தின் கீழ் 2012ல் அறிவித்தது. பூமியின் கடல்களைப் போல இரண்டாயிரம் மடங்குக்கு மேற்பட்ட நீர் ஆவியாகவே இருந்தது. பனியாக உறைந்திருப்பது அதைவிட மிக அதிகம். நாம் குடிக்கும் நீரில் ஒரு பங்கு சூரியனுக்கும் மூத்தது என்று இன்று வானியலர்கள் தயங்காமல் சொல்கிறார்கள் என்றால் இந்த வகை அளவீடுகள்தான் பின்னணி. ஹெர்ஷெலைக் குளிர்வித்த ஹீலியம் 2013 ஏப்ரலில் தீர்ந்தது. தொலைநோக்கியின் ஆயுளும் முடிந்தது.

தொலைநோக்கி மட்டும் இருந்தால் போதுமா? வானத்தில் கண்ட வரி எந்தப் பனியுடையது என்று சொல்ல, அதே பனியைப் பூமியில் செய்து பார்த்தாக வேண்டும். லைடனில் மேயோ கிரீன்பர்க் 1970களில் தொடங்கிய வானியற்பியல் ஆய்வுக்கூடம் அதற்குத்தான். வெற்றிடக் கலத்தில், விண்வெளிக் குளிரில், நீர், மெத்தனால், கார்பன் மோனாக்சைடு போன்றவற்றை மெல்லிய படலமாக உறையவைத்து, புற ஊதா ஒளி பாய்ச்சி, என்ன உண்டாகிறது என்று பார்க்கும் இடம். 1990களில் கிரீன்பர்க் ஓய்வுபெற்றபோது அந்தக் கூடத்தை ஃபான் டிஸ்ஹூக் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அவர் அடிப்படையில் கணக்குப் போடுபவர். குழாயும் பம்பும் அவர் படித்த பாடம் இல்லை. இருந்தும், ஆளில்லாமல் மூடப்படும் துறை என்றால் என்னவென்று அனுபவத்தில் அறிந்தவர், இந்தக் கூடத்தை மூடவிடவில்லை.

அதன் பலன் பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. ஏறத்தாழ 400 ஒளியாண்டு தொலைவில் ஐராஸ் 16293 என்ற இளம் விண்மீன் இருக்கிறது. ஃபான் டிஸ்ஹூக் அதை 1990களிலேயே ஹவாயின் மௌனா கியா மலைத் தொலைநோக்கிகளால் அலசியவர். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டர் உயரத்தில், 66 ஆன்டெனாக்களோடு எழுந்த ஆல்மா தொலைநோக்கியின் முதல் ஆண்டுகளிலேயே, அவருடைய முன்னாள் மாணவர் யெஸ் யோர்கென்சன் தலைமையில் அதே விண்மீனைத் திரும்பிப் பார்த்தார்கள். கோள்கள் உருவாகக்கூடிய தூரத்தில், எளிய சர்க்கரை வகையைச் சேர்ந்த கிளைகோலால்டிஹைடு இருந்தது. 2013ல் லைடன் மாணவி நீங்கே ஃபான் டெர் மாரெல், இன்னொரு இளம் விண்மீனின் வட்டில் தூசி ஒரே பக்கமாகச் சிக்கிக் குவிந்திருப்பதைக் கண்டார். சின்னத் தூசி, விண்மீனுக்குள் விழுந்துவிடாமல் எப்படிப் பெருத்துக் கோளாகிறது என்ற பழைய சிக்கலுக்கு அது நேரடிச் சான்று. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் உள்ள மிரி என்ற அகச்சிவப்புக் கருவியின் ஐரோப்பியத் தரப்பிலும் ஃபான் டிஸ்ஹூக் தொடக்கத்திலிருந்தே இருந்தார். 2021 டிசம்பர் 25ல் அது ஏவப்பட்டபோது அவருக்கு வயது 66. 2024ல் லைடன் குழு, பிறந்துகொண்டிருக்கும் விண்மீன்களைச் சுற்றிய பனியில் எத்தனால் முதலிய சிக்கலான மூலக்கூறுகள் உறைந்திருப்பதை வெப் தரவிலிருந்து காட்டியது. ஆய்வுக்கூடத்தில் உறையவைத்த பனியின் நிறமாலையோடு ஒப்பிட்டுத்தான்.

ஒன்றிய விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1919ல் தொடங்கிய சர்வதேச வானியல் ஒன்றியத்துக்கு முதல் பெண் தலைவர் கிடைத்தது 2006ல், பிரான்ஸின் கத்ரீன் செசார்ஸ்கி. காவலூர் வான் ஆய்வகத்தை நிறுவிய வைணு பாப்பு 1979 முதல் 1982 வரை அமர்ந்திருந்த நாற்காலி அது. 2015ல் மெக்சிகோவின் சில்வியா டோரஸ் பெய்ம்பர்ட், 2018ல் ஃபான் டிஸ்ஹூக், 2021ல் அமெரிக்காவின் டெப்ரா எல்மெக்ரீன் என்று அடுத்தடுத்து மூன்று பெண்கள் வந்தார்கள். வாயு மேகங்களும் விண்மீன் பிறப்பும் இந்த மூவரின் ஆய்விலும் உண்டு. குதிரைத் தலை மேகத்தைக் கண்டவரின் பெயர் அட்டவணையில் விடுபட்ட துறை இது.

இந்த மாற்றத்தைத் தனி மனித வெற்றி என்று சுருக்கினால், நம் நிறுவனங்கள் தப்பித்துக்கொள்ளும். திறமையுள்ள பெண் எப்படியும் முட்டி மோதி வந்துவிடுவாள் என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். ஹெகரை நினைத்தால் அந்த வாதம் நிற்காது.

இந்தியாவில் இடைவெளி விட்டுத் திரும்பும் பெண் ஆய்வாளர்களுக்காக மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2000களின் தொடக்கத்திலிருந்து உதவித்தொகைத் திட்டம் நடத்துகிறது. வரவேற்க வேண்டிய ஏற்பாடு. ஆனால் அது சில ஆண்டுகளுக்கான பணம், பணியிடம் அல்ல. 1990ல் லைடனில் ஃபான் டிஸ்ஹூக் வாங்கியது நிரந்தரப் பணி. 2009ல் ஏவப்பட்ட தொலைநோக்கிக்காக ஒருவர் காத்திருந்து உழைக்க முடிந்தது அதனால்தான். வானியல் ஆராய்ச்சிக்கான நம் விண்ணப்பப் படிவங்களில் தகுதி என்ற இடத்தில் பெரும்பாலும் இயற்பியல்தான் நிற்கிறது. விண்வெளிப் பனியை உறையவைத்து ஆராயும் வான்வேதியியல் வேலை அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நடக்கிறது. அப்படிப்பட்ட இடங்கள் நாட்டில் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

பல்கலைக்கழகத் துணைவேந்தர்களிடமும் ஆய்வு நிறுவன இயக்குநர்களிடமும் கேட்க வேண்டியவை இரண்டே. வேதியியல் முதுகலை முடித்த பெண் வானியலுக்கு விண்ணப்பித்தால் படிவத்தைத் திருப்பி அனுப்பாதீர்கள், நேர்காணலுக்கு அழையுங்கள். கணவனும் மனைவியும் ஆய்வாளர்களாக இருந்து ஒருவரை நீங்கள் எடுக்கும்போது, அதே ஊரில் மற்றவருக்குத் தகுதியான இடம் உண்டா என்று பக்கத்து நிறுவனத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பாவது போடுங்கள். லைடன் 1990ல் இதைச் செய்ய முடிந்தது என்றால், நம்மால் இப்போது முடியாததற்குக் காரணம் எதுவும் தென்படவில்லை.